பால் டின்னில் வந்திறங்கிய பெண்: படம் பார்த்துப் பொருள் வாங்கிய பினாங்கு

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஏதாவது ஒரு மளிகைக் கடைக்குள் போய், அலமாரியில் உள்ள எழுத்துகளைப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு சேவல் நிமிர்ந்து நிற்கும். ஒரு நங்கூரம் தெரியும். ஒரு தேநீர்க் கெண்டி இருக்கும். கொஞ்சம் தள்ளி ஒரு கரடி. அதற்குப் பக்கத்தில், தலையில் பால் பாத்திரத்தைச் சுமந்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண்.

சேவல் போட்ட டின்னுக்குள் கோழி இல்லை, சாடின் மீன். நங்கூரம் போட்ட பொட்டலத்தில் கோதுமை மாவு. கெண்டி போட்ட டின்னில் தேயிலை கிடையாது, கெட்டிப் பால். புதிதாக வருகிறவருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நமக்கு இது பிறந்ததிலிருந்து பழகிப்போன சங்கதி. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருக்கும் படத்துக்கும் ஏன் தொடர்பில்லை என்று நாம் கேட்டதே இல்லை.

என் பாட்டி செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடைசிவரை எந்த மொழியிலும் எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் கடையில் அவரை ஏமாற்ற முடியாது. “சேவல் டின்னு ரெண்டு, நங்கூர மாவு ஒரு கட்டி” என்பார். கடைக்காரர் வேறு டின்னை எடுத்து நீட்டினால் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவார். அவருக்குப் படம்தான் பெயர்.

மலாய்க்காரர்கள் இதை ‘சாப்’ என்கிறார்கள். சாப் ஆயாம், சாப் சாவ் என்று. முத்திரை என்று பொருள்படும் இந்திச் சொல் கப்பலேறி வந்து மலாயில் தங்கிவிட்டது. அதையே ஆங்கிலேயர் ‘சோப்’ என்று மாற்றிச் சொல்ல, சீனர் கடைப் பெயர்ப் பலகைகளில் அது ஏறியது. தமிழிலும் ‘சாப்பா’ உண்டு. அலுவலகத்தில் நாம் ‘சாப் அடிப்பதும்’ அதே சொல்தான். ஒரே சொல்லை இத்தனை பேர் கடன் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் எழுத்து இன்னொருவருக்குப் புரியாத ஊரில், எல்லாருக்கும் பொதுவாக இருந்தது முத்திரைப் படம் ஒன்றுதான்.

அன்றைய பினாங்கு அப்படிப்பட்ட ஊர். துறைமுகத்தில் தமிழர், சந்தையில் சீனர், கம்பத்தில் மலாய்க்காரர். சீன எழுத்து, ஜாவி, தமிழ், ஆங்கிலம் என்று நான்கு எழுத்துகள் புழங்கின. அந்த நான்கில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். தெருக்களுக்கே ஆளுக்கொரு பெயர். பலகையில் மார்க்கெட் ஸ்திரீட் என்றிருந்தாலும் நம்மவர்களுக்கு அது கடைத்தெருதான். இங்கே பொருள் விற்க வந்த ஐரோப்பிய நிறுவனம் டின்மேல் என்ன எழுதினாலும் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது.

1912: பினாங்கில் இறங்கிய பால்காரி

இன்று கோலாலம்பூர் வட்டாரத்தில் பெரிய நிறுவனமாக இருக்கும் நெஸ்லே, இந்த நாட்டில் முதன்முதலில் கால் வைத்தது பினாங்கில்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1912ஆம் ஆண்டு. அப்போது அதன் பெயர் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி. 1939ஆம் ஆண்டில்தான் அது கோலாலம்பூருக்கு இடம் மாறியது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்கர்களான பேஜ் சகோதரர்கள் சுவிட்சர்லாந்தின் சாம் என்ற ஊரில் 1866ஆம் ஆண்டு பால் ஆலை தொடங்கினார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, டின்னில் அடைத்தார்கள். அதற்கு ‘மில்க்மெய்ட்’, அதாவது பால்காரி என்று பெயரிட்டார்கள். 1905ஆம் ஆண்டில் இந்த நிறுவனமும் நெஸ்லேயும் ஒன்றாக இணைந்தன. நெஸ்லேக்கும் ஒரு முத்திரை இருந்தது. கூட்டில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் பறவை. நெஸ்லே என்ற குடும்பப் பெயரே ஜெர்மன் வட்டார வழக்கில் ‘சின்னக் கூடு’ என்று பொருள்படும்.

பினாங்கு வெயிலில் கறந்த பால் மதியத்துக்குள் திரிந்துவிடும். குளிர்பெட்டி இல்லாத காலம். டின் பாலோ மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது. சர்க்கரைதான் அதைக் காத்தது. கோப்பிக் கடைகள் அதைப் பிடித்துக்கொண்டன. நம் தே தாரேக்கும் கோப்பியும் இன்றிருக்கும் சுவைக்கு வந்தது இந்த டின்னால்தான். காலி டின்னையும் விடவில்லை. மூடியை மடக்கி, கயிறு கோத்து, கோப்பி வாங்கிப்போகும் பாத்திரமாக்கினார்கள். வீட்டில் அரிசி அளக்கவும் அதே டின்தான்.

டின்மேல் இருந்த அந்தப் பெண்ணுக்கு இங்கே கிடைத்த பெயரைப் பாருங்கள். சாப் ஜுன்ஜோங். ஜுன்ஜோங் என்றால் மலாயில் தலையில் சுமப்பது. சுவிட்சர்லாந்து, பால்காரி, பண்ணை எதுவும் மக்களுக்குத் தெரியாது. அவள் தலையில் சுமக்கிறாள், அது தெரிந்தது. அதையே பெயராக்கிவிட்டார்கள். தலையில் கூடை சுமந்து பழகிய ஊர்க்காரர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பிறகு நிறுவனமே அந்தப் பெயரை டின்னில் அச்சிட்டது. நெஸ்லேயின் டின் பால் தொழில் இங்கே 2007ஆம் ஆண்டில் எஃப் அண்டு என் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெண் மட்டும் டின்னைவிட்டு இறங்கவில்லை.

சேவலுக்கும் இதே கதைதான். ஆல்ஃபிரெட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் 1892ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கினார். பிரான்ஸ் நாட்டின் அடையாளம் சேவல் என்பதால் தம் பொருள்களில் அதைப் பதித்தார். வாங்க வந்தவர்கள் பிரான்சை எங்கே கண்டார்கள்? “அந்தக் கோழி படம் போட்ட டின்” என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு ‘ஆயாம் பிராண்ட்’ என்பதே நிறுவனத்தின் பெயராகிவிட்டது. மீன் டின்னுக்குக் கோழி என்று பெயர் வந்த வரலாறு இவ்வளவுதான்.

விளம்பர வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்குவார்கள். 1877ஆம் ஆண்டில் ஓட்ஸ் பொட்டலத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட குவேக்கர் தாத்தா, 1889ஆம் ஆண்டில் வந்த ஆண்ட் ஜெமைமா, 1952ஆம் ஆண்டில் வந்த டோனி புலி என்று வரிசை போகும். இந்தியாவில் 1960களில் வந்த அமுல் சிறுமியைச் சொல்வார்கள். அங்கெல்லாம் படத்தை நிறுவனம் தீர்மானித்தது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் பக்கத்தில் படம் அவர்களுடையது, பெயர் நம்முடையது. ஆண்ட் ஜெமைமா அடிமைக் காலத்துச் சமையல்காரியின் கேலிச் சித்திரம் என்ற கண்டனத்துக்குப் பிறகு, 2021ஆம் ஆண்டில் அந்தப் பெயரையே மாற்றினார்கள். நம் பால்காரிமீது அப்படிப்பட்ட குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. டின் பாலைப் பற்றி எழுந்த கேள்வி வேறு வகை.

படம் சொன்னதும் சொல்லாததும்

பால் பாத்திரத்தோடு நிற்கும் பெண்ணின் படம் என்ன சொல்கிறது? இது பால், நல்ல பால், ஒரு பெண் கையால் வந்த பால் என்கிறது. கெட்டிப் பால் டின்னில் நூறு கிராமுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரை என்பதை அந்தப் படம் சொல்லாது. சொல்லவும் முடியாது.

தமிழிலும் ஒரு வசதிக்குறைவு இருக்கிறது. கோப்பிக்கு ஊற்றுவதும் டின் பால்தான், குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் மாவும் டின் பால்தான். இரண்டுக்கும் ஒரே பெயர். தோட்டப்புறங்களில் தாய்மார்கள் விடியுமுன் மரம் வெட்டப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஆயா கொட்டகையில். தாய்ப்பால் கொடுக்க நேரத்துக்கு வர முடியாது. அப்போது கைக்கு எட்டுவது எது என்று சொல்லத் தேவையில்லை.

கெட்டிப் பாலைத் தண்ணீரில் கரைத்தால் இனிப்பு தூக்கலாக இருக்கும். இனிப்பு குறைய இன்னும் தண்ணீர் ஊற்றினால் புரதமும் கொழுப்பும் நீர்த்துப்போகும். அதிலும் கொழுப்பு நீக்கிய மலிவு டின்னாக இருந்தால் ஏ வைட்டமினும் டி வைட்டமினும் கொழுப்போடு போய்விட்டிருக்கும். குழந்தை குடிக்கும், தூங்கும், கொழுகொழுவென்றுகூடத் தெரியும். எலும்பும் கண்ணும் கெடுவது பிறகுதான் வெளியே வரும். தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

இதை வெளிப்படையாக உடைத்துப் பேசியவர் ஒரு பெண் மருத்துவர். சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றியபோது ‘குவாஷியோர்கர்’ என்ற புரதக் குறைபாட்டு நோயை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியவர். 1936ஆம் ஆண்டில் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். செவிலியர் உடையில் பெண்களை அனுப்பி, தாய்மார்களிடம் டின் பாலை விற்பதை இங்கே அவர் கண்டார். தாய்ப்பால் நன்றாகவே சுரக்கும் தாய்மார்களிடம்! 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தபோது, தம் உரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான பிரசாரத்தால் மடியும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருதவேண்டும் என்று வணிகப் பெரும்புள்ளிகள் நிறைந்த அந்தச் சபையிலேயே சொன்னார்.

பேசியது 1939. சில ஆண்டுகளில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். அவரும் சிங்கப்பூரில் சிறைப்பட்டார். உரை மறக்கப்பட்டது. போருக்குப் பின் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். டின் பால் விளம்பரங்களோ முன்னைவிடப் பெருகின. 1963ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயாவில் கெட்டிப் பால் தயாரிக்கத் தொடங்கிய ஓர் ஆலைக்கு ஒரு காலத்தில் டச்சு பேபி என்றே பெயர் இருந்தது. அதுதான் பின்னாளில் டச்சு லேடி என்று பெயர் மாறியது.

மறுப்பும் பினாங்கிலிருந்தே

பால்காரி முதலில் வந்திறங்கிய அதே ஊரிலிருந்துதான், பால் டின்னில் எந்தப் படம் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்ற கேள்வியும் உலகமேடைக்குப் போனது. திட்டமிட்டு நடந்ததல்ல. ஆனால் நடந்தது.

1970களில் பினாங்கு பயனீட்டாளர் இயக்கத்தின் தலைநகராக இருந்தது. எஸ்.எம்.முகமது இட்ரிஸ் தலைமையில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயங்கியது. அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகமும் இங்கேதான். அதை நடத்தியவர் தைப்பிங்கில் பிறந்த அன்வார் ஃபசால். 1978ஆம் ஆண்டில் அவர் அந்த உலக அமைப்பின் தலைவரானார். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜெனிவாவில் குழந்தை உணவு பற்றி உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கூட்டிய கூட்டத்துக்குப் பிறகு, குழந்தை உணவு நடவடிக்கைக்கான அனைத்துலக வலையமைப்பு உருவானது. அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அதே 1979ஆம் ஆண்டில் மலேசிய அரசும் குழந்தைப் பால் மாவு விற்பனைக்கான நெறிமுறையை வெளியிட்டது. உலக நெறிமுறைக்கு இரண்டு ஆண்டு முந்தியது நம்முடையது.

உலக நெறிமுறை 1981ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி உலகச் சுகாதாரப் பேரவையில் நிறைவேறியது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. அதன் ஒன்பதாவது பிரிவு நம் கதைக்கு நேரடியாக வருகிறது. குழந்தைப் பால் மாவு டின்னில் குழந்தையின் படம் இருக்கக்கூடாது. அந்த மாவை உயர்த்திக்காட்டும் வேறு படமோ வாசகமோ கூடாது. இனிப்புக் கெட்டிப் பாலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது குழந்தைக்கு ஏற்றதல்ல, அதைக் குழந்தைக்கு ஏற்றதாக மாற்றும் வழிமுறை எதையும் டின்னில் எழுதக்கூடாது என்கிறது. டின் பால் குடித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருந்ததால்தான் அந்த வரி எழுதப்பட்டது.

இந்த நெறிமுறையை எந்த நிறுவனம் மீறுகிறது என்று உலகம் முழுவதும் கண்காணித்து ஆவணப்படுத்தும் மையமும் பினாங்கில் இயங்கியது. 1991ஆம் ஆண்டில் தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டமைப்பான வாபா தொடங்கி, பினாங்கைத் தலைமையகமாக்கிக்கொண்டது. ஆகஸ்டு முதல் வாரத்தில் நம் மருத்துவமனைகளில் தாய்ப்பால் வாரம் என்று பதாகை கட்டுகிறார்களே, அந்த வாரத்தை 1992ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தது இந்த அமைப்புதான்.

கரடியும் குட்டியும்

விதி வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். விதி பேசுவது குழந்தை உணவாக விற்கப்படும் பொருளைப் பற்றி. கோப்பிக்கு என்று விற்கப்படும் டின்னில் இருக்கும் படத்தை அது எட்டிப்பிடிக்கவில்லை.

லாவோஸில் நடந்ததைப் பாருங்கள். பேர் பிராண்ட் என்ற கோப்பிக் கிரீமர் அங்கே விற்பனையானது. அதன் முத்திரை, குட்டியை மார்போடு அணைத்து வைத்திருக்கும் தாய்க் கரடி. தாய்ப்பால் கொடுக்கும் கோலம்தான். தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பயன்படுத்தக்கூடாது என்ற எச்சரிக்கை டின்னில் எழுதப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டில் 1,098 பேரிடம் விசாரித்தது. உள்ளே இருப்பது பால் என்று 96 விழுக்காட்டினர் நம்பினார்கள். இது குழந்தைக்கானது அல்லது தாய்ப்பாலுக்கு மாற்று என்பதையே கரடிப் படம் காட்டுகிறது என்று 46 விழுக்காட்டினர் எடுத்துக்கொண்டார்கள். எச்சரிக்கையைப் படிக்காதவர்கள் 80 விழுக்காடு. 18 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தங்கள் குழந்தைக்கு அதைக் கொடுத்திருந்தார்கள். குழந்தைகளின் சராசரி வயது ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

அந்தத் தாய்மார்களை அறியாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. என் பாட்டியும் அப்படித்தானே கடைக்குப் போனார்? படத்தை நம்பு, எழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்று நூறு ஆண்டுகளாகப் பழக்கியவர்கள் விற்பனையாளர்கள். அதன்பின் எச்சரிக்கையை மட்டும் பொடி எழுத்தில் போட்டால் யார் படிப்பது? விற்பதற்குப் படம், தடுப்பதற்கு எழுத்து. இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

தென்னமெரிக்காவில் சிலி நாடு இதை வேறு விதமாக அணுகியது. 2016ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவுக்கு மீறிய உணவுப் பொட்டலத்தில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் பாத்திரம் இருக்கக்கூடாது. அதற்குப் பதிலாக எண்கோண வடிவில் கறுப்பு முத்திரை. டோனி புலி அந்நாட்டுப் பெட்டியிலிருந்து மறைந்தது. கவனியுங்கள், கறுப்பு எண்கோணமும் ஒரு சாப்தான். படத்தைப் படத்தாலேயே எதிர்த்திருக்கிறார்கள்.

நம் கடைக்குத் திரும்புவோம். இன்று கோப்பிக் கடையில் ஊற்றப்படும் டின்னை எடுத்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ‘சூசு’ என்ற சொல் இருக்காது, ‘கிரிமர் மானிஸ்’ என்றிருக்கும். பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்ததால், சட்டப்படி அதைப் பால் என்று அழைக்க முடியாது. பொருள் மாறிவிட்டது, பெயரும் சட்டத்துக்காக மாறிவிட்டது. நம் வாயில் மட்டும் அது இன்னும் டின் பால்தான். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பாட்டிமார் கொடுக்கச் சொன்னாலும், ஒரு வயதுக்குள் அதை ஒரு கரண்டிகூடத் தொட்டுக் காட்ட வேண்டாம். எந்தத் தாதியைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

போன மாதம் கடைத்தெருப் பக்கம் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். தொழிற்சாலைச் சீருடையில் ஓர் இளைஞர் வந்தார். நேப்பாளமா, மியன்மாரா தெரியவில்லை. மலாய் வரவில்லை. கைப்பேசியை நீட்டினார். திரையில் ஒரு டின்னின் படம். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் அலமாரியில் கைவிட்டு அதே டின்னை எடுத்து வைத்தார். இளைஞர் டின்னில் இருந்த படத்தையும் திரையில் இருந்த படத்தையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை சரிபார்த்தார். பணம் கொடுத்துவிட்டுப் போனார்.